நெல்லிமேட்டுப் பெட்டி ஏன் விழுந்தது

தேவயானியின் முன்னால் நின்று சொல்லக்கூடாத பேச்சு ஒன்று இருக்கிறது. "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரேன்" என்பதுதான் அது. சொன்னவர் யாராக இருந்தாலும் அன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். மிக்ஸி நின்றால் ஏன் நின்றது, மோட்டார் நின்றால் ஏன் நின்றது என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. போளூரிலிருந்து மலையேறுகிற பஸ் ஒருமுறை பாதி வழியில் படுத்துக்கொண்டது. மற்றவர்கள் இறங்கி நிழல் தேடி உட்கார்ந்துவிட, இவள் மட்டும் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றாள். "நீ இன்னாமா, மெக்கானிக்கா?" என்று கேட்டிருக்கிறார் டிரைவர். "இல்லீங்க. ஏன் நின்னுச்சின்னு தெரியாம மறுபடி எப்படிங்க ஏர்றது?" என்றாளாம்.

இந்தக் குணத்தோடு ஒரு பெண் திருவண்ணாமலையில் கல்லூரிக்குப் போனால் என்ன ஆகும்? அங்கே லேபில் இருந்த கணினிகளுக்குத் திடீர் திடீரென்று உயிர் போய்விடும். திரை நீலமாகி, புரியாத எழுத்துகளைக் கக்கிவிட்டு அப்படியே உறைந்து நிற்கும். எல்லோரும் பட்டனை அமுக்கி மறுபடி கிளப்பிவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார்கள். தேவயானி மட்டும் அந்த நீலத்தின் முன்னால் முகவாயில் கைவைத்து உட்கார்ந்திருப்பாள். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். சொல்ல ஆளில்லை. தானே தேடிப் போனாள், போன வழி அவளைக் கெர்னலில் கொண்டுபோய் விட்டது.

கெர்னல் என்றதும் பயந்துவிடாதீர்கள். கணினியில் எத்தனையோ நிரல்கள் ஓடுகின்றன அல்லவா, அவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்து இடத்தையும் நேரத்தையும் பங்கு பிரித்துக் கொடுக்கிற நிரல்தான் அது. மெமரி முழுவதும் அதன் கையில். கேட்டவனுக்கு ஒரு துண்டு அளந்து கொடுக்கும். வேலை முடிந்து திருப்பிக் கொடுத்தால் வாங்கி அடுத்தவனுக்குக் கொடுக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு துண்டு இசகுபிசகாகப் போனாலும் மொத்தக் கணினியும் மல்லாந்துவிடும். ஏன் மல்லாந்தது என்று கண்டுபிடிப்பதுதான் தேவயானிக்குப் பிழைப்பு. சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்து, வேளச்சேரியில் சில வருடம் புழுங்கிவிட்டு, கம்பெனியின் மலை வேலை வந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஜமுனாமரத்தூருக்கே வந்துவிட்டாள்.

மலை வேலை என்பது பெட்டி வேலை. டவர் எட்டாத ஊர்களில் தண்ணீர்த் தொட்டியின் மேலோ பள்ளிக்கூடச் சுவரிலோ ஒரு பெட்டி. அதில் சிவப்புப் பொத்தான் ஒன்று, பச்சைப் பொத்தான் ஒன்று. அவசரம் என்றால் சிவப்பை அமுக்க வேண்டும். செய்தி ரேடியோவில் மலைக்கு மலை தாவி ஜமுனாமரத்தூர் சுகாதார நிலையத்துக்குப் போய் அங்கே மணி அடிக்கும், எந்த ஊரோ அந்த ஊரின் விளக்கு எரியும். தெரியாமல் அமுக்கிவிட்டால் நிறுத்தத்தான் பச்சை. அங்கிருந்தும் இங்கே மணி அடிக்கலாம். பேச முடியாது, மணி மட்டும்தான். அதுவே போதும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசி, சுவர் கேட்டு, பெட்டியை மாட்டவைத்தவள் தேவயானி. அவள் பிறந்த நெல்லிமேட்டிலும் மாட்டினாள்.

நெல்லிமேட்டில்தான் தம்பி நவீன்குமார் சாமைக்காடு வைத்துக்கொண்டு இருக்கிறான். அவன் மனைவி வடிவுக்கு நிறைமாதம், தலைப்பிரசவம். போனில் சிக்னல் வேண்டுமென்றால் ஊரைத் தாண்டி வளைவுப்பாறை வரைக்கும் ஏற வேண்டும். மழை பெய்தால் அந்தப் பாதையில் ஆடுகூட யோசித்துத்தான் கால் வைக்கும்.

இப்படி இருக்கையில் பெட்டிகள் விழ ஆரம்பித்தன. சுவரிலிருந்து அல்ல, உள்ளே. நன்றாக இருந்த பெட்டி கெர்னலோடு சேர்ந்து உறைந்துபோகும். பெட்டி மேல் இருக்கிற விளக்கு அணைந்திருப்பதை யாராவது பார்த்து ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் மறுபடி எழும், ஆனால் மற்ற மலைகளைத் தேடிக் கைகோத்துக்கொள்ள அதற்கு வெகுநேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் ஒருத்திக்கு வலி கண்டால்? இதில் ஒரு வேடிக்கை, மலைக்குக் கீழே கலசப்பாக்கம் பக்கம் சோதனைக்கு வைத்த இதே பெட்டிகள் ஒன்றுகூட விழவில்லை. மலையில் இருப்பவை மட்டும் முறைவைத்து விழுந்தன.

"மலைக் குளிர்ல மெமரி சிப்பு கெட்டுப்போகுது, அவ்ளோதான்" என்றார் கல்பனா. சென்னையில் இருக்கிற மேலதிகாரி, போன் திரையில்தான் வருவார். "சனிக்கிழமை வண்டி அனுப்பறேன். எல்லாப் பெட்டியையும் இறக்கிடுங்க. வேற சிப்பு போட்டு மழைக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

மழைக்கு அப்புறம். வடிவுக்கோ இன்றா நாளையா என்று இருக்கிறது.  தேவயானிக்குக் கோபம் வந்தது. "சிப்பு கெடல மேடம். ஏன் விழுதுன்னு நான் காட்றேன்" என்றாள். "சனிக்கிழமைக்குள்ள காட்டு" என்று சொல்லிவிட்டுத் திரை அணைந்தது.

கூட வேலை செய்கிற ஸ்டீவ் போளூர்ப் பையன், பெட்டி மாட்டுவதிலும் கம்பி இழுப்பதிலும் கைகாரன். சிப்பு மேல்தான் அவனுக்கும் சந்தேகம். அவன் ஆசைக்காக, விழுந்த பெட்டிகளின் மெமரியை மூலை முடுக்கெல்லாம் எழுதிப் படித்துச் சோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை.

"அப்ப கெர்னலேதான் தப்பு பண்ணுதா அக்கா? எல்லாப் பெட்டியும் மெமரி பங்கு பிரிக்கிற எடத்துலதான விழுந்துகீது?" என்றான் ஸ்டீவ்.

"விழுந்த எடம் அது. தள்ளிவுட்டவன் அங்க நின்னுகினா இருப்பான்? தள்ளிட்டு எப்பவோ போய்ட்டிருப்பான்" என்றாள் தேவயானி.

அவளுக்குச் சந்தேகம் இருந்தது இதில்தான். யாரோ ஒருவன் மெமரித் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். கொடுத்தபிறகும் அது தன்னுடையது என்ற நினைப்பில் வந்து அதில் எதையோ எழுதிவிட்டுப் போகிறான். எழுதிய அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. பிறகு கெர்னல் அந்தத் துண்டை எடுத்து வேறொருவனுக்குக் கொடுக்கப் போகும்போது, உள்ளே கணக்குக் குழம்பிக் கிடக்கும், தடுக்கி விழும். பழி கெர்னலுக்கு.

ஸ்டீவுக்கு விளங்கவில்லை. "நெல்லிமேட்டுக் களம் பாத்துகீறல்ல? ஊருக்கே ஒரே களம்தான்" என்று ஆரம்பித்தாள். "ஒரு வூட்டுக்காரங்க சாமை அடிச்சி முடிச்சதும் சாணி தெளிச்சி மெழுகி வுட்டுட்டுப் போய்டணும். அடுத்த வூட்டுக்காரங்க வர்ற வரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாது. மிதிச்சா இன்னா ஆவும்?"

"கால் பதிஞ்சிடும்."

"பதிஞ்சா யாரு காலுன்னு சொல்லிடலாம் இல்ல? அதயேதான் இங்க பண்ணப் போறேன்."

பண்ணினாள். காலியாகத் திரும்பி வருகிற ஒவ்வொரு துண்டையும் கெர்னல் ஒரே மாதிரி எழுத்தால் நிரப்பி வைக்க வேண்டும், அதாவது மெழுக வேண்டும். உடனே அடுத்தவனுக்குக் கொடுக்காமல் கொஞ்சம் காயவிட்டு, மெழுக்கு கலைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கலைந்திருந்தால் சத்தம் போட வேண்டும். ஜமுனாமரத்தூரில் கடை மாடியில் இருந்த அவர்கள் ஆபீசில் அந்தக் கெர்னலை ஒரு பெட்டியில் ஏற்றி, ஸ்டீவ் சிவப்பை அமுக்கு அமுக்கு என்று அமுக்கினான். மணி அடித்தது, ஓய்ந்தது, மறுபடி அமுக்கினான். கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். மெழுக்கு மெழுகின மாதிரியே இருந்தது.

"இங்க வுழாது. அங்க போனாத்தான் வுழும்" என்று லேப்டாப்பை முதுகில் மாட்டிக்கொண்டு, டிவிஎஸ்ஸை உதைத்துக் கிளப்பி நெல்லிமேட்டுக்குக் கிளம்பிவிட்டாள். போகிற வழியில் சுகாதார நிலையத்தில் நின்று நர்ஸ் ராஜேஸ்வரியைக் கேட்டாள், "சிஸ்டர், பெட்டி விழறதுக்கு முன்னாடி நெல்லிமேட்லருந்து கால் எதுனா வந்துச்சா?"

"ஒரு காலும் வர்லியேமா" என்றார் சிஸ்டர். கலசப்பாக்கத்துக்காரர், பொய் சொல்லத் தெரியாதவர். அதனால் தேவயானி அதை அப்படியே நம்பிவிட்டாள்.

நெல்லிமேட்டுப் பெட்டியில் மெழுகும் கெர்னலை ஏற்றிவிட்டு அன்று தம்பி வீட்டிலேயே தங்கினாள். விடிந்ததும் காப்பித் தண்ணியைக்கூடக் குடிக்காமல் தொட்டியடிக்கு ஓடி லேப்டாப்பைச் செருகினாள். மெழுக்கு கலைந்திருந்தது. ஒன்றல்ல, பல இடத்தில்.  எல்லா இடத்திலும் ஒரே தடம், மூன்று நான்கு எழுத்துதான். பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. செய்தி போய்ச் சேர்ந்ததும் ரேடியோவுக்கான நிரல் போடுகிற முத்திரை அது. தள்ளிவிட்டவன் ரேடியோ.

அட, ஆள் கிடைத்துவிட்டான். ஆனால் தலையைப் பிய்த்துக்கொள்ளும்படி இன்னொன்று பாக்கி இருந்தது. மணி அடித்து ஓய்ந்தபிறகுதானே செய்தி இருந்த துண்டைத் திருப்பிக் கொடுக்கிறோம்? ரேடியோ தன் வேலையை அதற்கு முன்பே முடித்திருக்குமே. முடிந்த வேலைக்கு மறுபடி எதற்கு வந்து முத்திரை போடுகிறது? ஸ்டீவ் அத்தனை தடவை அமுக்கியும் ஒருமுறைகூட இப்படி ஆகவில்லையே. தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்து நிரலை மேலும் கீழுமாகப் படித்தாள். கெட்ட வார்த்தையும் இரண்டு சொன்னாள், யாரும் இல்லை என்ற தைரியத்தில்.

வடிவு இருந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல நடந்து வந்தவள், "கொஞ்சம் நகர்றீங்களா அண்ணி" என்று சொல்லி, எட்டிச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். அமுக்கிய விரலை எடுத்தாளோ இல்லையோ, பச்சையை அமுக்கினாள்.

லேப்டாப் சத்தம் போட்டது. மெழுக்கு கலைந்துவிட்டது.

தேவயானி எழுந்தே விட்டாள். "இன்னா பண்ண இப்ப?"

வடிவு பயந்துவிட்டாள். "மிஸ்டு கால் அண்ணி. சிஸ்டருக்கு."

"எதுக்கு?"

"நல்லா கீறேன்னு சொல்றதுக்கு. தெனமும் குடுப்பேன். நான் மட்டுமில்ல, சுகர் மாத்திர துன்றவங்க, கொழந்த பெத்தவங்க, அல்லாருமே குடுக்கறாங்க, ஆளுக்கு ஒரு நேரம். ஒரு அடி அடிச்சி கட்டாச்சின்னா நல்லா கீறாங்கன்னு சிஸ்டர் வேலயப் பாப்பாங்க. கட்டாவலன்னா கெளம்பி வருவாங்க. ஏன், குடுக்கக் கூடாதா?"

தேவயானிக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. மிஸ்டு கால். கண்டுபிடித்துக் கொடுத்தவர் யாரோ, போன் வந்த நாளிலிருந்து ஜனங்கள் பேசாமலே பேசிக்கொள்கிற பாஷை. பஸ் ஏறிவிட்டேன் என்றால் ஒரு மிஸ்டு கால், சோறு ஆகிவிட்டது என்றால் ஒரு மிஸ்டு கால். டவர் இருக்கிற கலசப்பாக்கத்தில் அதைப் போனில் கொடுத்துவிடுகிறார்கள், பெட்டியைத் தொடுவதே இல்லை. டவர் இல்லாத மலையில் ஊரே பெட்டியில் கொடுக்கிறது. செய்தி இன்னும் பாதி மலை தாண்டியிருக்காது, அதற்குள் இவர்கள் பச்சையை அமுக்கிவிடுகிறார்கள். பச்சை அமுக்கியதும் பெட்டி மெமரித் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ரேடியோவிடம் சொல்லத்தான் ஆளில்லை. அது பாவம் தன் வேலையை முடித்து, மெழுகிய களத்தில் வந்து காலை வைக்கிறது.

"வடிவு, இன்னொரு வாட்டி குடு."

"ரெண்டு குட்த்தா மாத்திர தீந்துபோச்சின்னு அர்த்தம் அண்ணி. சிஸ்டர் அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும், நான் சொல்லிக்கறேன். நீ குடு."

வடிவு கொடுத்தாள். மறுபடி கலைந்தது. தேவயானி அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்துவிட்டு வண்டியை நோக்கி ஓடினாள். வளைவுப்பாறையில் சிக்னல் கிடைத்ததும் முதல் போன் சிஸ்டருக்கு.

"சிஸ்டர், காலு வர்லன்னீங்களே. தெனமும் மணி அடிக்குதா இல்லியா?"

"அடிக்குது. அது மிஸ்டு காலுமா. நான் எடுக்கவே இல்லாதத எப்படிக் காலுன்னு சொல்றது?" என்றார் ராஜேஸ்வரி, மனசார.

இரண்டாவது போன் கல்பனாவுக்கு. தேவயானி மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். கல்பனா கேட்டுவிட்டு, "சபாஷ்" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பிறகு, "அப்போ ரொம்ப ஈஸி. பச்சைப் பொத்தானை வேலை செய்யாம பண்ணிடு, முடிஞ்சுது" என்றார்.

"அது முடியாது மேடம்."

"ஏன்?"

"அவசரத்துக்குன்னு நாம மாட்னோம். நல்லா இருக்கேன்னு சொல்றதுக்கு அவங்க வெச்சிக்கறாங்க. அத எடுத்துட்டா நெல்லிமேட்டுல ஒருத்தி நல்லா இருக்காளா இல்லியான்னு யாருக்கும் தெரியாது. தப்பு நம்ம கெர்னல்ல இருக்கு. அவங்க வெரல்ல இல்ல."

 "வண்டி கிளம்பிடுச்சு. சனிக்கிழமை காலைல அங்க நிக்கும். அதுக்குள்ள சரி பண்ணிக் காட்டினா வெறும் வண்டியா திரும்பட்டும்" என்றார் கல்பனா.

ஆபீசுக்குத் திரும்பித் திருத்தம் எழுத உட்கார்ந்தால், முதலில் கைக்கு வந்தது சோம்பேறித் திருத்தம். திரும்பி வந்த துண்டை யாருக்கும் கொடுக்காமல் கொஞ்சநேரம் சும்மா வைத்திருந்தால் போதும், அதற்குள் ரேடியோ மிதித்துவிட்டுப் போய்விடும். ஏற்றிப் பார்த்தார்கள், விழவே இல்லை. ஸ்டீவ் கைதட்டினான். தேவயானி அதைத் துடைத்து எறிந்தாள். "ரேடியோ ஒருநாள் லேட்டா வந்தா இன்னா பண்ணுவ? இதுவும் ஆஃப் பண்ணி ஆன் பண்றதும் ஒண்ணுதான்" என்றாள். ஸ்டீவ் தட்டிய கையை இறக்கிக்கொண்டான், பழகியவன் அல்லவா.

இரண்டாவதுதான் சரியான திருத்தம். ஒரு துண்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கெர்னல் எண்ணி வைக்கும். பச்சையை அமுக்கினால் ஒரு கை விடும். ரேடியோ முத்திரை போட்டு முடித்தபின் தன் கையை விடும். கடைசிக் கையும் விட்டபிறகே துண்டு காலி. எழுதியது என்னவோ சில வரிதான். அதை ரேடியோ வழியாகவே மலை மலையாக அனுப்பி எல்லாப் பெட்டியிலும் ஏற்றினாள். ஊர் ஊராகச் சொல்லியும் அனுப்பினாள்: சனிக்கிழமை காலையில் எல்லோரும் பெட்டிக்கு மிஸ்டு கால் கொடுங்கள், எத்தனை முடியுமோ அத்தனை.

இப்படி ஓர் அழைப்பு கிடைத்தால் மலை ஜனம் சும்மா இருக்குமா? சனிக்கிழமை காலை சுகாதார நிலையத்தில் மணி நிற்கவே இல்லை. அடிக்கிறது, கட்டாகிறது, அடிக்கிறது, கட்டாகிறது. ஊர் விளக்குகள் மாறி மாறி எரிந்தன. ஸ்டீவ் போனைத் தூக்கிப் பிடித்துக் கல்பனாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். வாசலில் கம்பெனி வண்டி, அதன் டிரைவர் பாலமுருகன் காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். சிஸ்டர் ராஜேஸ்வரி மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டு, "இதுல யாருக்கு மாத்திர வேணும்னு நான் எப்படிக் கண்டுபுடிப்பேன்" என்று புலம்பினார். ஒரு பெட்டி விழவில்லை. ஒன்றுகூட. தேவயானி பெஞ்சில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தாள், அவளுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

நெல்லிமேட்டு விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது, அணைந்தது. மறுபடி எரிந்தது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"கட் பண்ண மறந்துட்டாங்க போல" என்றான் ஸ்டீவ்.

சிஸ்டர் அதற்குள் எழுந்து பையை எடுத்துவிட்டார். "நெல்லிமேட்டுல யாரும் மறக்க மாட்டாங்க. ஆம்புலன்ஸ் எங்க?"

ஆம்புலன்ஸ் காலையிலேயே ஒரு கேஸை ஏற்றிக்கொண்டு போளூருக்குப் போயிருந்தது. தேவயானி வாசலைப் பார்த்தாள். பெட்டிகளை இறக்கிக்கொண்டு போக வந்த வண்டி, பின்னால் மொத்தமும் காலியாக நின்றுகொண்டிருந்தது. திரையில் இருந்த கல்பனாவும் அதைத்தான் நினைத்தார் போலிருக்கிறது. "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, ஏறுங்க" என்று அவர் குரல்தான் முதலில் வந்தது.

பாலமுருகன் அந்த மலை வளைவுகளை எப்படி ஓட்டினார் என்று ஸ்டீவைக் கேட்டால் இன்றைக்கும் ஒரு கதை சொல்லுவான். நெல்லிமேட்டில் நவீன்குமார் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான், ஒரு விரலைச் சிவப்பில் வைத்து எடுக்காமல். வடிவைத் தூக்கிப் பின்னால் படுக்கவைத்தார்கள். சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மேகம் கருத்துக்கொண்டு வந்தது, ஆனால் மழைக்கு முன்னால் இறங்கிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் சுகாதார நிலையத்தில் வடிவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வடிவு சோர்ந்த கண்ணைத் திறந்து, நாத்தனாரைப் பார்த்து, "நெல்லிமேட்டுல எங்கம்மா பயந்துகினு இருப்பாங்க அண்ணி, சொல்லிடுங்க" என்றாள்.

தேவயானி மணிப் பெட்டியின் முன்னால் போய் நின்றாள். நெல்லிமேட்டைத் தேர்ந்து சிவப்பை அமுக்கினாள். உடனே பச்சையை அமுக்கினாள். திருத்தம் எழுதினவளே ஒரு நொடி பெட்டியை உற்றுப் பார்த்தாள். மலைக்கு அப்பால் மழைக்குள் மணி ஒரே ஒருமுறை அடித்து நின்றிருக்கும். பெட்டி விழவில்லை, அதன் மேல் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. கொஞ்சநேரத்தில் அங்கிருந்து ஒரு மிஸ்டு கால் வந்தது.